அதிபரின் மச்சினன் மகனுக்கு ஒரு போஸ்ட்மாஸ்டர் வேலை

1. திங்கட்கிழமை காலை, அமெரிக்க அதிபர் ஒருவர் தன் மனைவியின் தம்பிக்கு எழுதிய கடிதம் எங்கள் குன்னூர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து நின்றது.

2. ரஹ்மத் அதைப் படித்துவிட்டு 'பர்சனல்' என்ற பச்சைப் பட்டனை அழுத்தினாள்.

3. பக்கத்து மேஜையில் அதே கடிதத்தைப் படித்த செல்வராணி 'அரசியல்' என்ற நீலப் பட்டனை அழுத்தினாள்.

4. மதியச் சாப்பாட்டுக்குள் இன்னும் ஏகப்பட்ட கடிதங்களில் இதே கதை. இவள் பச்சை என்றால் அவள் நீலம்.

5. மாலையில் அமெரிக்காவிலிருந்து மெயில். 'உங்கள் ஆட்கள் இருவரும் ஒத்துப்போகும் விகிதம் கவலை தருகிறது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் ஒருவரை மாற்றிவிடுங்கள்.'

6. மாற்றுவது என்றால் யாரை? புரொபேஷனில் இருப்பவரை. செல்வராணியை.

உடனே கேட்பீர்கள், எந்த அதிபர் என்று. சொல்ல முடியாது. காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, மீசை உண்டு, ஆப்பிள் பிடிக்கும். இதற்கு மேல் என் வாயைக் கிளறாதீர்கள்.

வேலை இதுதான். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க எழுதித் தள்ளியிருக்கிறார். குடும்பத்துக்கு, கட்சிக்காரர்களுக்கு, எதிரிகளுக்கு, தையல்காரருக்கு... அத்தனையையும் அங்கே ஒரு நூலகம் ஸ்கேன் செய்து ஆன்லைனில் வைக்கப்போகிறது. படிக்க வருகிறவர் 'பர்சனல்' என்று தட்டினால் சொந்தக் கடிதங்கள் வர வேண்டும். 'அரசியல்' என்று தட்டினால் அரசியல் கடிதங்கள். எது எந்தப் பெட்டி என்று முதலில் மனிதர்கள் கொஞ்சம் பிரித்துக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து மிச்சத்தை மெஷின் கற்றுக்கொள்ளும்.

அந்த முதல் மனிதர்கள் நாங்கள்தான். குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், வர்க்கி வேகும் வாசனையில், மூன்று பெண்கள்.

ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பார்கள். இரண்டு பேரும் ஒரே பெட்டியைச் சொன்னால் சரி. மாற்றிச் சொன்னால் அது என் மேஜைக்கு வரும். நான் டீம் லீட். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவள். எனக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு பொருள் ஒரு பெட்டியில்தான் இருக்கும்.

அந்த மச்சினன் கடிதத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு பக்கமும் முதுகுவலி. மச்சினனின் முதுகுவலி, அதிபரின் முதுகுவலி, யாரோ ஒரு டாக்டர் கொடுத்த தைலம். பிறகு, 'நீ அனுப்பிய ஆப்பிள் பெட்டி வந்து சேர்ந்தது, நன்றி' என்று ஒரு பாரா. கடைசியாக, போகிற போக்கில் — 'உன் மகனுக்குப் போஸ்ட்மாஸ்டர் வேலை கேட்டிருந்தாயே, சொல்லியிருக்கிறேன். உங்கள் பக்கம் தேர்தலில் நம் ஆட்களைக் கொஞ்சம் கவனித்துக்கொள்.'

"மச்சினனோட முதுகுவலிய விசாரிக்கறாருங்க மேடம். இதுல எங்க இருந்து வந்துது அரசியல்?" என்றாள் ரஹ்மத். ஊட்டி மெயின் பஜாரில் அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மளிகைக் கடை. படிக்கிற காலத்திலேயே கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவள். எதையும் எடை போட்டுத்தான் பேசுவாள்.

"ரெண்டு பக்கமா ஒருத்தர் முதுகுவலிய எழுதுவாரா அக்கா? கடைசி வரியப் படிங்க," என்றாள் செல்வராணி. நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். குரலை உயர்த்தவே மாட்டாள். விட்டுக்கொடுக்கவும் மாட்டாள்.

"கடைசி வரி ஒண்ணே ஒண்ணு. முதுகுவலி அறுபது வரி."

"அந்த ஒரு வரிக்காகத்தான் அக்கா அறுபது வரி."

"அப்ப அவருக்கு முதுகு வலிக்கவே இல்லைங்கற?"

"வலிச்சிருக்கும். ஆனா அதுக்கு மூணாவது பக்கம் எதுக்கு?"

அடுத்த கடிதத்தில் அப்படியே உல்டா. ஒரு செனட்டருக்கு எழுதியது. முழுக்க வரி மசோதா, ஓட்டுக் கணக்கு. கடைசியில், 'உன் மகளுக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். தேன் கொடுத்துப் பார்.' ரஹ்மத்துக்கு அது அரசியல். செல்வராணிக்குப் பர்சனல்.

"தேன் ஒரு ஸ்பூன் கொடுக்கச் சொன்னதுக்காக வரி மசோதா பர்சனல் ஆயிருமா?" என்றாள் ரஹ்மத்.

"மசோதாவை ஆபீஸ்ல யார் வேணா எழுதலாம். இருமலைக் கேக்கணும்னு தோணி இருக்கே."

எனக்குத் தலைவலி. அதற்குத் தேன் போதாது.

தலைவலி வந்தால் நான் என்ன செய்வேன் என்று பத்திரிகையில் என் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். லிஸ்ட் போடுவேன். போட்டேன். உறவினர் பெயர் வந்தால் பர்சனல். பதவியின் பெயர் வந்தால் அரசியல். இரண்டும் வந்தால் எதற்கு அதிக வரிகளோ அது. வரிகள் சமமாக இருந்தால் என்னைக் கேட்கவும். பிரின்ட் எடுத்து இரண்டு பேர் மேஜையிலும் ஒட்டினேன். நிம்மதியாக டீ குடித்தேன்.

டீ ஆறுவதற்குள் இரண்டு பேரும் ஒரே கடிதத்தோடு என் முன்னால் நின்றார்கள்.

அதிபர் தன் மனைவிக்கு எழுதியது. வீட்டு விருந்தில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று மேஜையின் படமே வரைந்திருக்கிறார். மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டவரைச் சூப் வந்து சேர நேரமாகிற மூலையில் உட்கார வை என்கிறார். அந்த ஆளின் மனைவியை மட்டும் உன் பக்கத்தில் வைத்துக்கொள், அவளிடம் பிரியமாகப் பேசு...

உறவினர் இருக்கிறார். பதவி இருக்கிறது. சூப்பும் இருக்கிறது. என் லிஸ்ட்டில் சூப்புக்கு விதி இல்லை.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? எங்கள் வார்டில் கவுன்சிலர் வராத காதுகுத்து உண்டா? வந்தவர் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார். அவர் பாயசம் குடிக்க வந்தாரா, ஓட்டுக்கு வந்தாரா? அவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பாயசமும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

போஸ்ட்மாஸ்டர் விஷயம் என்ன ஆயிற்று என்று துடிக்கிறவர்களுக்கு — வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அடுத்த வருஷத்துக் கடிதம் ஒன்றில், 'ஏனோ இந்த முறை ஆப்பிள் வரவில்லை' என்று அதிபர் தன் மனைவியிடம் வருத்தப்படுகிறார். இதைச் செல்வராணி படித்துக் காட்டியபோது ரஹ்மத்தே சிரித்துவிட்டாள். ஆனால் 'பர்சனல்' பட்டனைத்தான் அழுத்தினாள். கேட்டால், "ஆப்பிள் வரலைங்கறது வீட்டு விஷயந்தானுங்களே மேடம்?"

வியாழக்கிழமை செல்வராணியின் அம்மா வந்தார்.

முத்தம்மா. சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். இன்றைக்கும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார். கூடலூர் வந்து, ஊட்டி வந்து, அங்கே பஸ் மாறிக் குன்னூர் வந்திருக்கிறார். கையில் ஒரு பை. உள்ளே நேந்திரங்காயும் மிளகும். செருப்பை மாடிப்படியிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகளைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மகளைப் பார்த்து ஒரு தலையசைப்பு. நேராக என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மிஸ் சொகமா இருக்கீங்களா?"

எங்கள் பக்கத்து லயங்களில் படித்த பெண் என்றால் டீச்சர்தான், அதனால் மிஸ். சுகம் என்றேன். பேச்சு ஆரம்பித்தது. வழியில் யானை நின்றதில் பஸ் நின்றது. ஐப்பசி மழையில் கொழுந்து தடித்துப்போகிறது. என் ஐடி கார்டு போட்டோவில் நான் மெலிந்திருக்கிறேன். எனக்கு இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை? அமெரிக்கா அதிபருக்கு எத்தனை பிள்ளைகள்? செத்துப்போனவரா... பாவம். டீ வந்தது. குடித்தார். இரண்டாவது டீ வேண்டாம் என்றார். எழுந்தார். நானும் எழுந்து படி வரைக்கும் போனேன்.

ஒரு காலில் செருப்பை மாட்டினார். மற்றதைக் காலால் தேடிக்கொண்டே, கீழே பார்த்தபடி கேட்டார்.

"புள்ளைக்கு இங்க நெலையாயிருமாங்க மிஸ்?"

அவரே தொடர்ந்தார். "நான் தையோட ரிட்டையர். வேலைல ஆளு இல்லாட்டி லயத்து வீட்டக் காலி பண்ணணும். இவளுக்கு இங்க நெலையாயிட்டா எங்கிட்டாச்சும் ஒரு வீடு புடிச்சு வந்துருவோம். இல்லைன்னா என் பேருக்குப் பதிலா இவளத்தான் கொழுந்துக்கு எழுதிக் குடுக்கணும். இவ அப்பாவுக்கு ஏலாது... சும்மா கேட்டேன். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

"அம்மா, பஸ்ஸு போயிரும்," என்றாள் செல்வராணி உள்ளிருந்து. ஸ்க்ரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

'மாதக் கடைசிக்குள்' என்று வந்த அந்த மெயிலைப் பற்றி முத்தம்மாவுக்குத் தெரியாது. மகள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "பாத்துக்கலாங்கம்மா," என்றேன். உலகத்திலேயே பயனில்லாத ஒரு வார்த்தை.

அவர் போன பிறகு மூன்று பேரும் கீபோர்டுக்குத் திரும்பினோம். தட்டிக்கொண்டே ரஹ்மத் சொன்னாள்.

"இத உள்ள வந்தவுடனே கேட்டிருக்கலாமல்லோ? பாவம், எத்தனை நேரமா மனசுல வெச்சுட்டு யானைக் கதை சொல்லிட்டிருந்தாங்க."

"வந்தொடனே கேட்டா அது மனு அக்கா," என்றாள் செல்வராணி. "கெளம்பறப்ப கேட்டாத்தான் பேச்சு. எங்க லயத்துல எல்லாரும் அப்பிடித்தான். செருப்பு மாட்டறப்ப என்ன சொல்றாங்களோ அதுக்குத்தான் வந்திருப்பாங்க."

"எங்க கடையில அப்படி நின்னா அத்தா பின்னால நிக்கறவங்களுக்குச் சாமான் குடுத்து அனுப்பிருவாரு. வந்தவங்க வாயிலிருந்து மொதல்ல என்ன வருதோ அதுதான் வேணுங்கற சாமான். அப்பறம் பேசறதெல்லாம் மீதிச் சில்லறை வாங்கற வரைக்கும் சும்மா பேசறது."

நான் தட்டுவதை நிறுத்தினேன்.

பிறகு ஓர் இன்ஜினியர் செய்ய வேண்டியதைச் செய்தேன். இரண்டு பேரும் இதுவரை குறித்த கடிதங்களையெல்லாம் எடுத்தேன். முதல் பாராவை மட்டும் தனியாக, கடைசிப் பாராவை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தேன். ரஹ்மத் குறித்தது கிட்டத்தட்ட எல்லாமே முதல் பாராவோடு ஒத்துப்போனது. செல்வராணி குறித்தது கடைசிப் பாராவோடு. இடையில் இருந்த பக்கங்களை இரண்டு பேரும் கருத்தாகப் படித்திருக்கிறார்கள் — ஆனால் முடிவெடுக்கிற இடத்தில் ஒருத்தி கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னொருத்தி லயத்து வாசலில் நிற்கிறாள்.

யார் சரி? இரண்டு பேருமே தப்பு. செனட்டருக்கு எழுதிய மசோதாக் கடிதம் ஓர் இருமலால் பர்சனல் ஆகிவிடாது. மச்சினனுக்கு எழுதியது ஒரு முதுகுவலியால் அரசியல் இல்லாமல் போகாது. என் லிஸ்ட் அதைவிடத் தப்பு. அதற்கு மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதே தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலை வீடியோ கால். அவர்களுக்கு அது காலை. அந்தப் பக்கம் கரோல் — நூலகத்தில் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, நரைத்த தலை, பெரிய காபிக் கப். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும். நான் வரைபடங்களோடு தயாராக இருந்தேன். முதல் பாரா, கடைசிப் பாரா, எல்லாம் காட்டினேன். பிறகு கேட்டேன்: 'இரண்டும்' என்று மூன்றாவதாக ஒரு பட்டன் வேண்டும்.

கரோல் பொறுமையாகக் கேட்டார். "சுவாரஸ்யமாக இருக்கிறது," என்றார். அமெரிக்கர்கள் அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம் என்பது பெங்களூரில் வேலை பார்த்தபோதே எனக்குத் தெரியும். "ஆனால் வெப்சைட் டிசைன் முடிந்துவிட்டது. பெட்டி இரண்டுதான். மாற்றினால் கமிட்டியைக் கேட்க வேண்டும். நீங்கள் ஒரே மாதிரி பார்க்கிற இரண்டு பேரை வைத்துக்கொள்வதுதான் சுலபம்."

செல்வராணி மேஜையில் இருந்த பேனாவை மூடினாள். திறந்தாள். மூடினாள்.

நான் இன்னும் இரண்டு வாதம் வைத்தேன். பலிக்கவில்லை. சரி, நன்றி, நல்ல வார இறுதி... கை 'லீவ்' பட்டனுக்குப் போய்விட்டது.

"ஆ, ஒன்றே ஒன்று," என்றார் கரோல். குரலே மாறியிருந்தது. "இதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. என் அக்கா மகள் படிப்பை முடித்துவிட்டாள். கொஞ்ச நாள் இந்தியாவில் இருக்க வேண்டும் என்கிறாள். மலை என்றால் உயிர். உங்கள் ஆபீஸில் இன்டர்ன் மாதிரி ஏதாவது... சும்மா கேட்டேன்."

செல்வராணி ரஹ்மத்தைப் பார்த்தாள். ரஹ்மத் செல்வராணியைப் பார்த்தாள். பிறகு ரஹ்மத், கேமராவில் தெரியாதபடி குனிந்து, மேஜைக்கு அடியில் கிடந்த தன் செருப்பை எடுத்து மெதுவாகக் காலில் மாட்டிக்கொண்டாள்.

நான் சிரிக்கக் கூடாது. டீம் லீட்.

"கரோல்," என்றேன், "இந்த மீட்டிங்கின் குறிப்பை நான் எழுதி அனுப்ப வேண்டும். இதுவரைக்கும் வேலை. இப்போது உங்கள் அக்கா மகள். இதை எந்தப் பெட்டியில் போடட்டும்?"

கரோல் ஒரு நொடி காபிக் கப்பைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தச் செருப்புக் கதையை முழுக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன். செல்வராணியை நேராகப் பார்த்து, "உன் அம்மா என்ன கேட்டார்?" என்றார்.

செல்வராணி இங்கிலீஷில், சுற்றி வளைக்காமல், முதல் வரியிலேயே சொன்னாள். "நான் இந்த வேலையில் இருப்பேனா என்று கேட்டார்."

கரோல் சிரிப்பை நிறுத்தினார். "கமிட்டியிடம் பேசுகிறேன்," என்றார்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு சின்ன உறுத்தல் உண்டு. நான் கேட்டது மூன்றாவது பட்டன். அவர் கேட்டது அக்கா மகளுக்கு ஓர் இடம். பட்டனும் வந்தது, பெண்ணும் வரப்போகிறாள். அந்தப் பெண் எல்லோரையும் போல விண்ணப்பித்தாள், ரஹ்மத்தான் இன்டர்வியூ எடுத்தாள், எடை போட்டுத்தான் எடுத்தாள் — எல்லாம் உண்மை. ஆனாலும் நூறு வருஷம் கழித்து எவளாவது ஒருத்தி எங்கள் மெயில்களைப் பிரிக்க உட்கார்ந்தால் என்ன பட்டனை அழுத்துவாள்? அழுத்தட்டும். மூன்று இருக்கிறதே.

ஆக, இன்றைய நிலவரம்.

பெரும்பாலான கடிதங்கள் மூன்றாவது பெட்டிக்குத்தான் போகின்றன. சுத்தமாக அரசியல் என்று இதுவரை தேறியவை கொஞ்சம். சுத்தமாகப் பர்சனல் என்று தேறியவை அதைவிடவும் குறைவு, பெரும்பாலும் தையல்காரருக்கு எழுதியவை. ரஹ்மத்தும் செல்வராணியும் தேவையான அளவுக்கு ஒத்துப்போகிறார்கள். மீதிக்குச் சண்டை போடுகிறார்கள்.

செல்வராணிக்கு நிரந்தர ஆர்டர் வந்துவிட்டது. அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினாள். அவர் மழையைப் பற்றியும் யாரோ வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியும் வெகுநேரம் பேசிவிட்டு, வைக்கும்போது அழுதாராம்.

வீடுதான் அமையவில்லை. கரோலின் அக்கா மகளுக்கு ஒரே போன் காலில் ரூம் கிடைத்தது. பெட்ஷீட் என்ன கலர் வேண்டும் என்றுகூட அந்த ஓனர் கேட்டார். செல்வராணி குடும்பத்துக்கு நானும் ரஹ்மத்தும் ஏறி இறங்காத படி இல்லை. எஸ்டேட்டில் இருந்து வருகிறார்கள் என்றதும், என்ன ஆளுங்க, எத்தனை பேரு, விருந்தாளிங்க நெறைய வருவாங்களா என்று கேட்டுவிட்டு, "சொல்லி அனுப்பறோமுங்க" என்கிறார்கள். இதுவரை யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மூன்று பேர். அம்மா, அப்பா, மகள். இரண்டு அறை போதும். குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் நல்லது. தெரிந்தவர்கள் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.

தை பிறப்பதற்குள் வேண்டும்.